பத்துப் புத்தகம் 1,499 ரூபாய்

கேள்வி: அக்கா, என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை தனக்குப் பிடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் காட்டிப் பேச வேண்டும். போன வாரம் ஒரு பையன் ஆங்கிலத்தில் ஒரு கிராஃபிக் நாவல் (நீளமான படக்கதை) கொண்டுவந்திருக்கிறான், பூனைகள் துப்பறிகிற கதையாம். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. அந்த வரிசையில் பத்துப் புத்தகம் இருக்கிறது, பத்தும் வேண்டுமாம். கடையில் விசாரித்தேன், ஒன்றே 450 ரூபாய். ஆன்லைனில் ஒருவர் பத்தையும் சேர்த்து 1,499-க்குப் போட்டிருக்கிறார். வாங்கலாமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்று 150 ரூபாய்கூட வரவில்லை. எல்லாப் பக்கமும் கலரில், கெட்டித் தாளில் அச்சடித்த புத்தகத்தை ஒழுங்காக உரிமை வாங்கிப் போட்டவர் அந்த விலைக்குக் கொடுக்க வழியே இல்லை. கறுப்பு வெள்ளைக் கதைப்புத்தகம் என்றால்கூட ஸ்டாக் தீர்ப்பதற்காகக் கொடுக்கிறார்கள் என்று யோசிக்கலாம். இது திருட்டுப் பதிப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால் நானே ஏமாந்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தங்கை மகனின் பிறந்தநாளுக்கு இதேபோல ஒரு செட் வாங்கினேன், அதுவும் ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிற வேலையில் இருந்துகொண்டே. பெட்டியைப் பிரித்ததுமே பெட்ரோல் மாதிரி ஒரு வாடை. அட்டை பளபளவென்று இருந்தது, உள்ளே நிறமெல்லாம் துவைத்த சட்டை மாதிரி வெளுத்துக் கிடந்தது. பையன் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை, உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டான். கால் மணி நேரம் கழித்து வந்து, "பெரியம்மா, இதுல திருடன் யாருன்னு போடவே இல்ல" என்றான். வாங்கிப் பார்த்தால் 48-ஆம் பக்கத்துக்கு அப்புறம் நேரே 65. நடுவில் பதினாறு பக்கம் மொத்தமாக இல்லை. திருடனும் அதோடு போய்விட்டான்.

கிராஃபிக் நாவலில் போலியைக் கண்டுபிடிப்பது சாதாரணக் கதைப்புத்தகத்தைவிட எளிது. நடுப்பக்கம் ஒன்றை விரித்து, முதுகை ஒட்டியிருக்கிற பேச்சுக்குமிழியைப் பாருங்கள். நல்ல பதிப்பில் எழுத்துக்கும் மடிப்புக்கும் இடையில் இடம் விட்டிருப்பார்கள், திருட்டுப் பதிப்பில் பாதி வசனம் பைண்டிங்குக்குள் போயிருக்கும். ஸ்கேன் பண்ணி அச்சடித்திருந்தால் முகத்திலும் வானத்திலும் புள்ளிப் புள்ளியாக வலை பின்னியதுபோலத் தெரியும். பின்பக்கத்துப் படம் இந்தப் பக்கம் தெரிகிற அளவுக்குத் தாள் மெல்லியதாக இருந்தால் அதுவும் சந்தேகம்தான். ஆனால் ஒன்று, "இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு" என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது பதிப்பாளரே நம் ஊருக்கென்று விலை குறைத்துப் போடுகிற முறையான பதிப்பு. தாள் கொஞ்சம் சுமாராக இருக்கும், பக்கமெல்லாம் இருக்கும்.

ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டீர்கள் என்றால், பார்சல் பிரிப்பதை போனில் வீடியோ எடுங்கள். போலியாக இருந்தால் ரிட்டர்ன் காரணத்தில் "பிடிக்கவில்லை" என்று தட்டாதீர்கள், "பழுது" அல்லது "விவரத்துக்கு மாறானது" என்று போடுங்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி பழுதான பொருளையும் போலியையும் விற்பனையாளர் திரும்ப வாங்க மறுக்க முடியாது. தளத்தில் குறைதீர் அதிகாரியின் பெயர் இருக்க வேண்டும், அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்தது என்று தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அதற்கும் அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டேன். பணம் வந்தது, பையனுக்குத் திருடன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

அது இருக்கட்டும். செட்டே அசலாக இருந்தாலும் பத்தையும் இப்போது வாங்கச் சொல்ல மாட்டேன். உங்கள் மகளுக்குப் பிடித்தது பத்துப் புத்தகம் இல்லை, அந்தப் பையன் காட்டிய ஒன்று. அதிலும் முழுப் புத்தகம்கூட இல்லை, அநேகமாக ஒரே ஒரு பக்கமாக இருக்கும். எங்கள் அபார்ட்மெண்டில் மாடியில் பிள்ளைகள் இந்த மாதிரி உட்கார்ந்து காட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். கதையைச் சொல் என்றால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "இரு இரு, இந்தப் பக்கம்" என்று சரசரவெனப் புரட்டி, பூனை குப்பைத்தொட்டிக்குள் தலைகீழாக விழுகிற கட்டத்தில் விரலை வைத்து அவர்களே முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்த விரல் பட்ட இடம் அழுக்காகிப் பளபளவென்று இருக்கும். அப்படி ஒரு பக்கம் இருக்கிற புத்தகத்துக்கு 450 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். அட்டை அழகுக்காக அலமாரியில் நிற்கப்போகிற மீதி ஒன்பதுக்கு எதற்கு?

அந்தப் பையனின் அம்மாவிடம் கேட்டு ஒரு வாரத்துக்கு இரவல் வாங்குங்கள். ஒருமுறை படித்துவிட்டு வைத்துவிடுகிறாளா, மறுபடி எடுக்கிறாளா பாருங்கள். மறுபடி எடுத்தால் அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள். பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள், அச்சுப் புத்தகத்துக்கும் குழந்தைகளின் படப் புத்தகத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது.

கேள்வி: எங்கள் பையனுக்கு ஏழு வயது. தமிழில் படக்கதை கொடுக்கலாம் என்று லயன் காமிக்ஸ் வாங்கினேன், அவன் தொடவே இல்லை. நான் சின்ன வயதில் சாப்பாடு மறந்து படித்தவன். அப்புறம் வீட்டில் பெரியவர்கள், படம் பார்ப்பதெல்லாம் படிப்பா என்கிறார்கள். (வாசகர், ஆதம்பாக்கம்)

பதில்: நீங்கள் ஏழு வயதிலா படித்தீர்கள்? பத்து, பன்னிரண்டு இருக்கும், நினைத்துப் பாருங்கள். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயனும் வந்த நாளிலிருந்து அவற்றில் பெரும்பாலும் துப்பாக்கியும் குதிரையும் துப்பறிவாளர்களும்தான். அது போக இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டுக் கதையின் பேச்சுக்குமிழி அந்த ஊர் மொழிக்கு அளவெடுத்து வரைந்தது. அதே வசனத்தைத் தமிழில் எழுதினால் இடம் போதாது, எழுத்தைச் சுருக்கித்தான் அடைக்க வேண்டும். "ண" எது "ன" எது என்று விரல் வைத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் குமிழி ஒரு மதில் மாதிரி. புத்தகத்தை விற்றுவிடாதீர்கள், மூன்று வருடம் கழித்து அவனே எடுப்பான்.

இப்போதைக்கு எழுத்து பெரிதாக, பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி இருக்கிற படப் புத்தகம் கொடுங்கள். நம் சென்னையிலேயே துளிகா பதிப்பகம் 1996-இலிருந்து குழந்தைகளுக்குப் போடுகிறது, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கிற இருமொழிப் புத்தகங்கள் அவர்களிடம் நிறைய. வகுப்பில் காட்டிப் பேசுவதற்கு இதுதான் வசதி, தமிழ் படிக்கத் தெரியாத பக்கத்து பெஞ்சுப் பிள்ளையும் கூடவே வரலாம். தேனாம்பேட்டையில் பாரதி புத்தகாலயம் இருக்கிறது, அவர்களுடைய சிறுவர் புத்தகங்களைப் போய்ப் புரட்டிப் பாருங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலையில் சாதுவானவை, படம் சில சமயம் பழைய பாடப்புத்தகத்தை நினைவுபடுத்தும், அவ்வளவுதான். திருவான்மியூர் தாரா பதிப்பகம் கைவேலையாக ஸ்கிரீன் பிரிண்டில் போடுகிற புத்தகங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். அவற்றைத் தயவுசெய்து பள்ளிப் பையில், சாம்பார் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து அனுப்பாதீர்கள்.

செலவே வேண்டாம் என்றால் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழ்க் கதைகள் படிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலையாகப் பிரித்து இருக்கும், இலவசமாகப் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அச்சும் எடுக்கலாம், உரிமைப் பிரச்சினை இல்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கலரில் பிரிண்ட் போட்டு நடுவில் இரண்டு பின் அடித்தால் புத்தகம். கிழிந்தாலும் மனசு பதறாது. பல வகை புரட்டிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே எதை எடுத்துக்கொண்டு தரையில் உட்காருகிறான் என்று பார்த்தாலே கடையில் என்ன கேட்பது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பெரியவர்கள் கேள்விக்கு: ஒரு பக்கத்தை அவர்கள் கையில் கொடுத்து வசனத்தை மறைத்துக்கொண்டு, இவன் ஏன் கோபமாக இருக்கிறான் என்று கேளுங்கள். முந்தின கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை ஊகிக்காமல் பதில் சொல்ல முடியாது. அதுவும் படிப்புதான். 1947-இல் இதே சென்னையிலிருந்து வர ஆரம்பித்த அம்புலிமாமாவை அவர்களும் முதலில் படத்துக்காகத்தானே புரட்டியிருப்பார்கள்?

கேள்வி: புத்தகக் கண்காட்சியில் வாங்கிய படக்கதையில் எட்டுப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருக்கிறது. அவ்வளவுதானா? (வாசகி, சைதாப்பேட்டை)

பதில்: இல்லை. மனசு மாறிக் கொண்டுபோனால் அந்த வாசகம் செல்லும், பழுதுக்குச் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் கொண்டுவரும் பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிகம். பில் தராமல் விடுவதும் அப்படித்தான். நந்தனம் கண்காட்சியில் ஸ்டால் காலி பண்ணிப் போயிருந்தாலும் பில்லில் பதிப்பகத்தின் பெயரும் போன் நம்பரும் இருக்குமே, வெள்ளைப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அச்சகத்தில் சில பிரதி இப்படி ஆவது சகஜம், பெரும்பாலும் சண்டையே இல்லாமல் மாற்றித் தருவார்கள். அடுத்த ஜனவரியில் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூட்டத்தில் நின்றுகொண்டே ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை தாளை விசிறிப் பார்த்துவிடுங்கள், அரை நிமிஷம்கூட ஆகாது.

கேள்வி: திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடை ஒன்றில் பழைய முத்து காமிக்ஸ் ஒன்றுக்கு 2,000 ரூபாய் சொல்கிறார்கள். மகனுக்கு வாங்கித் தரலாமா?

பதில்: மகனுக்கா, உங்களுக்கா? உங்களுக்கு என்றால் அது ஆசைக்கான விலை, நான் குறுக்கே வர மாட்டேன், பேரம் மட்டும் பேசுங்கள். மகனுக்கு என்றால் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவி கதைகள் மறுபதிப்பே வந்திருக்கின்றன. 2,000 ரூபாய் புத்தகத்தை அவன் தொடும்போதெல்லாம் நீங்கள் "மெதுவா, மெதுவா" என்று பின்னால் நின்றால் அவன் எப்படிப் படிப்பான்?

கேள்வி: என் பையன் வகுப்பில் காட்டக் கொண்டுபோன புத்தகத்தை ஒரு பெண் இரவல் வாங்கி, அட்டை கிழிந்து, நடுவில் எண்ணெய்க் கறையோடு திருப்பிக் கொடுத்திருக்கிறாள். 380 ரூபாய் புத்தகம். அவள் பெற்றோரிடம் கேட்கலாமா, சட்டப்படி வழி உண்டா? (வாசகர், முகப்பேர்)

பதில்: நீங்கள் விற்கவில்லை, அவர்கள் வாங்கவில்லை, நுகர்வோர் சட்டத்துக்கு இங்கே வேலை இல்லை. கேட்பதும் கேட்காததும் உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. நான் கேட்க மாட்டேன். அந்தப் பெண் சாப்பிடும்போதும் கீழே வைக்காமல் படித்திருக்கிறாள் என்று தோன்றுகிறது. அட்டையை உள்பக்கமாக வெள்ளைப் பசை தடவி, மேலே ஒரு கனமான புத்தகத்தை ராத்திரி முழுக்க வைத்தால் சரியாகிவிடும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், ஒரே வருடத்தில் மஞ்சளாகித் தாளையும் பிய்த்துக்கொண்டு வரும். இனி வகுப்புக்குப் போகிற புத்தகத்துக்கு பிளாஸ்டிக் அட்டை போட்டு, பின்பக்கம் உள்ளே ஒரு லேபிள் ஒட்டுங்கள். எங்கள் மாடிக் கூட்டத்தில் அந்த லேபிளில் படித்தவர்கள் எல்லோரும் பெயர் எழுத வேண்டும் என்று பிள்ளைகளே ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள், ஒரு புத்தகத்தில் பதினொரு பெயர் சேர்ந்திருக்கிறது, அதில் ஒன்று எங்கள் வாட்ச்மேன் தாத்தாவுடையது.