கையில் பெருக்கல் குறி

அன்புள்ள ஐயா,

பேரளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். ஆகஸ்டில் மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்தேன். வயது 22. குடிப்பதில்லை. வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமையே வகுப்பு நண்பர்கள் ஒரு மதுக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். வாசலில் நின்றவர் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் டார்ச் அடித்துப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் நின்ற நரைத்த தாடிக்காரரும் அட்டையை நீட்டத்தான் வேண்டியிருந்தது. என்னோடு அறையில் தங்கியிருக்கும் ஜெர்மானியப் பையனுக்கு வயது 20. 21 ஆகாததால் மது கிடையாது என்று சொல்லி, அவனுடைய இரண்டு புறங்கைகளிலும் கறுப்பு மையால் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். உள்ளே எங்கள் பேராசிரியர் பீர் கோப்பையோடு நின்று என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் என்னையறியாமல் வாசல் பக்கம் திரும்பிவிட்டேன்.

இப்போது பிரச்சினை வேறு. அறை நண்பன் பணத்தைக் கையில் வைத்து ஒரு பெட்டி பீர் வாங்கி வரச் சொல்கிறான். "16 வயதில் அப்பாவோடு உட்கார்ந்து குடித்தவன் நான், இங்கே என்னைக் குழந்தையாக்கிவிட்டார்கள்" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. மறுப்பது சரியா? இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

பேராசிரியரைக் கண்டு நீங்கள் திரும்பிய இடத்தில் சிரித்துவிட்டேன். நானும் திரும்பியிருப்பேன். நம் பக்கத்தில் பேரன் எடுத்த மனிதர்கூட, தூரத்தில் தன் அண்ணன் சைக்கிளில் வருவது தெரிந்தால் பிளாஸ்டிக் டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார். அதே மனிதர், பக்கத்தில் மீசை அரும்பாத பையன் ஒருவன் நின்று குடித்தால் ஏன் என்று கேட்க மாட்டார். தமிழ்நாட்டிலும் சட்டப்படி வயது 21தான். ஆனால் நமக்கு எதிரே வருகிறவர் யார் என்பதுதான் கணக்கு, பிறந்த தேதி யாருக்கு வேண்டும்? இந்தக் கணக்கோடு விமானம் ஏறியவரிடம் திடீரென்று ஒருவர் டார்ச் அடித்துப் பிறந்த தேதியைப் பார்த்தால் திகைப்பாகத்தான் இருக்கும்.

பேரளத்துக்காரருக்கு எல்லை என்றால் என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காரைக்கால் சாலையில் அம்பகரத்தூர் வந்துவிட்டால் புதுச்சேரிச் சட்டம். வயது 18, விலையும் குறைவு. சனிக்கிழமை காரைக்கால் பஸ்ஸில் திருநள்ளாற்றில் இறங்குகிற கூட்டம் ஒன்று, இறங்காமல் மேலே போகிற கூட்டம் ஒன்று. போகும்போது இரண்டையும் பிரித்தறிய முடியாது.

அமெரிக்காவில் 21 வந்த கதையும் ஏறக்குறைய இந்த பஸ் கதைதான். 1970களில் பல மாநிலங்கள் குடிக்கும் வயதை 18, 19 என்று இறக்கின. சில மாநிலங்கள் 21இலேயே நின்றன. பிள்ளைகள் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்க் குடித்தார்கள், நள்ளிரவில் தாங்களே ஓட்டித் திரும்பினார்கள், வழியில் செத்தார்கள். அந்த எல்லைகளுக்கு 'ரத்த எல்லைகள்' என்றே பெயர் விழுந்தது. 1984இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் மாநிலங்களை நேரடியாகக் கட்டாயப்படுத்தவில்லை. 21க்குக் கீழே உள்ளவர்கள் மது வாங்க அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை நிறுத்திவைப்போம் என்றது. காசு என்றதும் 1988க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன.

உங்கள் நண்பனின் கோபம் எனக்குப் புரிகிறது. அவன் ஊரில் பீருக்கும் ஒயினுக்கும் 16, காய்ச்சி வடித்த சரக்குக்கு 18, தனியாகக் கார் ஓட்டவும் 18. அங்கே முதலில் கோப்பை வருகிறது, பிறகுதான் சாவி. அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் 16 வயதிலேயே சாவியைக் கொடுத்துவிட்டார்கள், அதனால் கோப்பையை ஐந்து வருடம் தள்ளிவைத்திருக்கிறார்கள். அவன் புறங்கையில் இருந்த குறிக்கு மூலம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. இதை அவனிடம் சொல்லிப் பாருங்கள், கோபம் கொஞ்சம் குறையும். பீர் மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நம் ஊரில் பெரியவர் சின்னவனைக் கடைக்கு அனுப்புவார். அங்கே சின்னவன் பெரியவரை அனுப்புகிறான். நீங்கள் வளர்ந்த முகதாட்சண்யம் இருக்கிறதே, அதுதான் இதில் ஆபத்து. 21 ஆகாத நண்பனுக்கு வாங்கிக் கொடுப்பது அங்கே குற்றம். அவன் அபராதத்தோடு தப்பிக்கிற இடத்தில் உங்கள் விஷயம் கைது வரை போகலாம். விசா விண்ணப்பத்தில், எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "விசா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். அவனும் விசாவில் வந்தவன்தானே.

குடிக்காமல் அந்தக் கூட்டத்தில் எப்படி நிற்பது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க வெட்கப்பட்டீர்கள் என்று நினைக்கிறேன். நம் ஊர் ஜமாவிலும் குடிக்காத ஒருவன் எப்போதும் உண்டு, ஆம்லெட்டையும் வேர்க்கடலையையும் அவன்தான் தீர்ப்பான். அமெரிக்காவில் அவனுக்கு இன்னும் மரியாதையான வேலை தருகிறார்கள், எல்லாரையும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவது. உரிமம் வாங்கும் வரை சோடாவில் ஒரு துண்டு எலுமிச்சை போட்டு வாங்கிக்கொண்டு பேராசிரியர் பக்கத்தில் போய் நில்லுங்கள். டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கப்போவதில்லை.

இனி நான் சொல்லவந்தது. 1974 முதல் 1981 வரை தமிழ்நாட்டில் மதுவிலக்கு. 1978இல் நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒரு மாலை நான்கு பேர் காரைக்கால் போனோம். எங்கே ஆரம்பிப்பது என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இருந்தது, எங்கே நிறுத்துவது என்று சொல்ல யாரும் இல்லை. கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது ஒருவனுக்குக் கால் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பேச்சும் நின்றது. கன்னத்தில் அறைந்தும் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி நான்கு மைலில் இருந்தது. போனால் அவன் அப்பாவுக்குத் தெரிந்துவிடும், மதுவிலக்குக் காலமென்பதால் போலீசுக்கும் தெரிந்துவிடும். நாங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பம்ப்செட் கொட்டகையில் வைக்கோலைப் பரப்பிப் படுக்கவைத்தோம். மல்லாக்க! நடுராத்திரியில் படுத்தபடியே வாந்தி எடுத்தான். எங்களில் ஒருவனுக்குக் கொசுக்கடியில் தூக்கம் வரவில்லை, அவன்தான் சத்தம் கேட்டு இவனைப் புரட்டிப் போட்டான். அன்றைக்குக் கொசு இல்லாமல் இருந்திருந்தால் என்று இப்போதும் சில ராத்திரிகளில் நினைப்பு வரும்.

நீங்கள் குடிக்காதவர். அதனால் என்றைக்காவது ஒரு வெள்ளிக்கிழமை அந்த அறையில் தெளிவாக இருக்கிற ஒரே ஆளாக நீங்கள் இருப்பீர்கள். தட்டினால் எழாதவனை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தனியாக விடாதீர்கள், 911ஐ அழையுங்கள். சுற்றி இருப்பவர்கள் "வேண்டாம், போலீஸ் வரும்" என்பார்கள். உயிராபத்து என்று உதவி கேட்டவர்மீது வயதுக் குற்றத்துக்காக வழக்குப் போடாமல் விடும் சட்டம் பல மாநிலங்களில் இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் எப்படி என்று இன்றைக்கே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள். தாடிக்காரரிலிருந்து ஆரம்பியுங்கள், சிரித்துவிடுவார். பிறகு மற்றதைச் சொல்வது சுலபம்.

எங்கள் நண்பன் மறுநாள் வெயில் ஏறியபிறகுதான் கண் விழித்தான். சட்டையெல்லாம் வைக்கோல். மூன்று பேரும் அழுதுவிடுகிற நிலையில் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றான்.