எஃப்.பி.எஸ். 140 காட்டுகிறது, ஆனால் கேம் விக்குகிறதே!

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் கேம் ஆடும்போது வரும் விக்கல், அதாவது ஸ்டட்டர் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ரைசன் 7 5800எக்ஸ், ஆர்.டி.எக்ஸ். 3080, 32 ஜிபி ரேம். 2021 கடைசியில் அசெம்பிள் செய்தது. நான் ஆடும் கேம்களில் எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது படம்) 140-க்குக் குறைவதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, ஒன்றிரண்டு நொடி அப்படியே சிக்கி நின்றுவிட்டு மறுபடி ஓடுகிறது. விண்டோஸ் 11-ஐ இரண்டு முறை புதிதாகப் போட்டாகிவிட்டது. கடையில் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். சமயத்தில் சும்மா பாட்டு கேட்கும்போதுகூட சத்தம் 'கர்ர்' என்று இழுக்கிறது. — மதுரை வாசகர்

பதில்: எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு இப்போதே பணம் போடாதீர்கள். அது நோஞ்சானாக இருந்தால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் பட்டென்று அணையும், இல்லையென்றால் ரீஸ்டார்ட் ஆகும். இரண்டு நொடி தயங்கிவிட்டுத் தானாகச் சரியாவது அதன் குணமில்லை. துப்பு உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. கேமே ஓடாதபோதும் சத்தம் இழுக்கிறதென்றால் கிராபிக்ஸ் கார்டை முதலில் விட்டுவிடலாம். அதற்கும் அடியில் ஏதோ ஒன்று மொத்த மெஷினையும் பிடித்து நிறுத்துகிறது.

ரைசன், விண்டோஸ் 11, 2021-இல் வாங்கிய போர்டு. இந்த மூன்றும் சேர்ந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது எஃப்.டி.பி.எம். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். பாதுகாப்பு வசதி, இந்த மெஷின்களில் தனிச் சிப்பாக இல்லாமல் ஃபர்ம்வேராகவே (வன்பொருளுக்குள் பதிந்த மென்பொருள்) ஓடுகிறது, அதுதான் எஃப்.டி.பி.எம். தன் தகவல்களை அது மதர்போர்டில் உள்ள ஃபிளாஷ் மெமரியில் எழுதிப் படிக்கும். சில ரைசன் மெஷின்களில் இந்த எழுத்து வேலை சில சமயம் இழுத்துக்கொண்டே போய், முடியும்வரை மற்ற எல்லாம் காத்துக் கிடந்தன. 2022 மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனமே இதை ஒப்புக்கொண்டு, ஏஜிசா 1.2.0.7 (ஏ.எம்.டி. தரும் அடிப்படை நிரல்) கொண்ட பயாஸ் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) மூலம் சரிசெய்தது. அந்த பயாஸ்கள் 2022 மே மாதத்திலிருந்து வரத் தொடங்கின. குறை பயாஸில் இருப்பதால், விண்டோஸை இருபது முறை புதிதாகப் போட்டாலும் போகாது.

ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து 'பயாஸ் வெர்ஷன்/டேட்' வரியைப் பாருங்கள். தேதி 2022 மே மாதத்துக்கு முந்தையது என்றால் கிட்டத்தட்ட சந்தேகமே வேண்டாம். உங்கள் போர்டின் சரியான மாடலுக்கு (பின்னால் வரும் வைஃபை, ரிவிஷன் எண் போன்றவையும் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும்) நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் புதிய பயாஸை இறக்கி, ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டு, பயாஸுக்குள் போய் அங்குள்ள அப்டேட் வசதி வழியாகவே ஏற்றுங்கள். யு.பி.எஸ். இருந்தால் அதில் செருகிவிட்டு ஆரம்பியுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காமல் போகலாம்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு தலையில் கை வைப்பவர்கள் உண்டு. பயாஸ் மாறும்போது எஃப்.டி.பி.எம். அழிக்கப்படலாம். டிரைவில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அடுத்த முறை கம்ப்யூட்டர் எழும்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் போனதுதான். கீயை வேறு இடத்தில் எழுதி வைத்துவிட்டு, பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்த பிறகே பயாஸைத் தொடுங்கள். ஏற்றி முடித்ததும் பயாஸ் அமைப்புகள் எல்லாம் போர்டு வாங்கியபோது இருந்த நிலைக்குத் திரும்பியிருக்கும். ரேமை அதன் டப்பாவில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்.எம்.பி.யை மறுபடி ஆன் செய்ய மறந்தால், ஒரு விக்கல் போய் இன்னொன்று வந்து உட்காரும்.

எஃப்.டி.பி.எம்.மை அணைத்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். சோதனைக்காக ஓரிரு நாள் அணைத்துப் பார்க்கலாம். விக்கல் நின்றால் நோய் உறுதி. ஆனால் அப்படியே விட்டால் வேலரண்ட் போன்ற கேம்கள் விண்டோஸ் 11-இல் திறக்க மறுக்கும்.

பயாஸ் ஏற்கெனவே புதியதுதான் என்றால் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, 'டிரைவர்ஸ்' பகுதியில் அதிக நேரம் பிடித்த பெயர் எது என்று பாருங்கள். 'என்டிஐஎஸ்' தலைதூக்கினால் நெட்வொர்க் பக்கம். டிவைஸ் மேனேஜரில் வைஃபையைக் கொஞ்ச நேரம் டிசேபிள் செய்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: எதிலிருந்து வருகிறது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எஃப்.பி.எஸ். மீட்டரில் எதுவும் தெரிவதில்லை. — கோவை வாசகர்

பதில்: மீட்டரில் தெரியாது, ஏனென்றால் அது சராசரி. 144 எஃப்.பி.எஸ். என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 6.94 மில்லி நொடி. நடுவில் ஒரே ஒரு ஃப்ரேம் 150 மில்லி நொடி எடுத்தது என்று வையுங்கள். கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும் வெட்டு. மீதி 850 மில்லி நொடியில் 122 ஃப்ரேம் வந்துவிடுவதால், மீட்டர் 123 என்று காட்டிவிட்டுச் சாதுவாக இருந்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது ஃப்ரேம்டைம் கோடு, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் எடுத்த நேரம்.

எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளை அதனுடன் வரும் ரிவாடியூனரோடு சேர்த்து நிறுவுங்கள். செட்டிங்ஸில் 'மானிட்டரிங்' பகுதிக்குப் போய் 'ஃப்ரேம்டைம்' வரியை டிக் செய்து, அதைத் திரையில் காட்டச் சொல்லி, 'டெக்ஸ்ட்' என்பதை 'கிராஃப்' என்று மாற்றுங்கள். கூடவே புராசஸர், கார்டு வெப்பநிலை, கார்டின் மெமரி அளவு இவற்றையும் திரைக்கு எடுத்துக்கொள்ளலாம். 'பவர்' வரிகளை மட்டும் டிக் எடுத்துவிடுங்கள். சில கார்டுகளில் அதைப் படிக்கப் போவதாலேயே ஃப்ரேம் தடுக்கும், மருந்தே நோயாகிவிடும்.

இனி இருபது நிமிடம் ஆடிக்கொண்டே கோட்டைக் கவனியுங்கள். கடிகாரம் போல ஒரே இடைவெளியில் முள் எழும்பினால், பின்னணியில் ஏதோ மென்பொருள் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது, ஆர்.ஜி.பி. விளக்கு மென்பொருளையும் ஃபேன் கன்ட்ரோல் மென்பொருளையும் முழுதாக மூடிப் பாருங்கள். புதிய இடத்துக்குப் போகும்போது மட்டும் எழும்பி, அதே இடத்துக்கு மறுபடி போனால் எழும்பாவிட்டால் ஷேடர் (கீழே சென்னை வாசகருக்குச் சொல்லியிருக்கிறோம்). எத்தனை முறை போனாலும் மேப்பின் அதே வளைவில் எழும்பினால் அது கேம் எழுதியவர்களின் குறை, உங்களுடையது அல்ல. பேட்ச் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். முதல் அரை மணி நேரம் நேர்கோடாக ஓடிவிட்டுப் பிறகு மோசமானால் சூடு, அல்லது மெமரி நிரம்புவது. எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற மென்பொருளில் 'தெர்மல் த்ராட்லிங்' (சூட்டால் வேகம் குறைவது) வரிகளில் 'யெஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ரைசன் 7000 வரிசையில் பல புராசஸர்கள் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை என்பதால் அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பதறத் தேவையில்லை. ஏசி இல்லாத அறை, சித்திரை மாதம், கேபினட்டின் முன்பக்கம் மூடிய கண்ணாடி என்றால், பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு ஆடிப் பார்ப்பது காசில்லாத சோதனை.

கேள்வி: புது ரைசன் 5 7600. ரேம் டப்பாவில் 6000 என்று போட்டிருக்கிறது, டாஸ்க் மேனேஜர் 4800 என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? — திருச்சி வாசகர்

பதில்: ஏமாற்றவில்லை, ஆன் செய்யாமல் கொடுத்துவிட்டார்கள். டிடிஆர்5 ரேம் வழக்கமாக 4800-இல்தான் எழும். பயாஸில் 'எக்ஸ்போ' (இன்டெல் போர்டிலும் டிடிஆர்4 போர்டிலும் எக்ஸ்.எம்.பி.) என்பதை ஆன் செய்தால்தான் 6000-க்குப் போகும். ஆன் செய்த பிறகு முதல் தடவை சில நிமிடங்கள் திரை கருப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. 'போச்சுடா' என்று பவரைப் பிடுங்கிவிடாதீர்கள்.

அதே சமயம் மூடியைத் திறந்து ரேம் குச்சிகள் எந்த ஸ்லாட்டில் இருக்கின்றன என்றும் பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு குச்சி என்றால், பெரும்பாலான போர்டுகளில் புராசஸரிலிருந்து எண்ணி 2-ஆவதும் 4-ஆவதும்தான் சரி. 1, 2 என்று பக்கத்தில் பக்கத்தில் செருகியிருந்தால் சிங்கிள் சேனலில், அதாவது இரண்டும் ஒரே பாதையில், ஓடும். சராசரி எஃப்.பி.எஸ்.ஸைவிட, '1% லோ' என்று சொல்கிறோமே, அந்தக் கடைமட்ட எண்தான் இதில் அதிகம் அடிவாங்கும். விக்கலாகத் தெரிவது அதுதான். 6000-இல் நிலைக்காமல் கேம் மூடிக்கொண்டால் 5600-க்கு இறக்கி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு சரியில்லை என்று பொருள்.

கேள்வி: அன்ரியல் எஞ்சின் கேம்களில் மட்டும், புது ஆயுதம் எடுத்தால், முதல் முறை ஏதாவது வெடித்தால் தடுக்கிறது. கார்டை மாற்றினால் போகுமா? — சென்னை வாசகர்

பதில்: போகாது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வண்டியை எடுக்காதீர்கள். அந்த வெடிப்பை வரையத் தேவையான ஷேடர் என்ற சிறு நிரலை, உங்கள் கார்டுக்கும் டிரைவருக்கும் ஏற்றபடி அந்த நொடியிலேயே தயார்செய்கிறது கேம். அதுவரை ஃப்ரேம் காத்திருக்கிறது. பிளேஸ்டேஷனில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே சிப் என்பதால் தயார்செய்தே அனுப்பிவிட முடிகிறது, பி.சி.யில் அந்த வசதி இல்லை.

உங்களால் செய்ய முடிந்தவை கொஞ்சம்தான். முதல் முறை திறக்கும்போது மெனுவில் ஷேடர் தயாராகிறது என்று சதவீதம் ஓடினால், 100 ஆகும்வரை டீ குடித்துவிட்டு வாருங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் '3டி செட்டிங்ஸ்' உள்ளே 'ஷேடர் கேச் சைஸ்' என்பதை 10 ஜிபி-க்கு உயர்த்துங்கள். கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினால் சேர்த்து வைத்த ஷேடர்கள் பெரும்பாலும் வீணாகி, எல்லாம் முதலிலிருந்து தயாராகும். அதனால் ஒரு கேமை நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது நடுவில் டிரைவர் அப்டேட் வேண்டாம். 'டெம்ப்' ஃபோல்டரோடு ஷேடர் கேச்சையும் தினமும் துடைக்கும் 'கேம் பூஸ்டர்' மென்பொருள் வைத்திருக்கிறீர்களா? அதுதான் உங்கள் விக்கலுக்குத் தீனி போடுகிறது. தூக்கிவிடுங்கள்.

கேள்வி: பி450 போர்டில் ஆர்.டி.எக்ஸ். 4060 போட்டேன். டெக்ஸ்சர் 'அல்ட்ரா'வில் வண்டி ஓட்டும்போது வெட்டி வெட்டிப் போகிறது. — யாழ்ப்பாண வாசகர்

பதில்: 4060-இல் மெமரி 8 ஜிபி. அது நிரம்பியதும் மிச்சம் சாதாரண ரேமுக்கு வழியும். டாஸ்க் மேனேஜரில் ஜி.பி.யு. பக்கத்தில் 'டெடிகேட்டட்' முட்டி நிற்க, 'ஷேர்டு' ஏறிக்கொண்டே போவது தெரியும். வழிந்ததைத் திரும்ப எடுத்துவர கார்டு, தன்னைப் போர்டோடு இணைக்கும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதையைத்தான் நம்ப வேண்டும். 4060-க்கு அந்தப் பாதை 8 லேன் (தடம்) மட்டுமே. உங்கள் போர்டோ பி.சி.ஐ. 3.0 தலைமுறை, 4.0-இல் பாதி வேகம். ஏற்கெனவே குறுகிய சந்து, அதிலும் பாதி அடைப்பு. ரெசல்யூஷனைத் தொடாமல் டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்குங்கள். பல கேம்களில் ஓடிக்கொண்டே பார்த்தால் 'ஹை'க்கும் 'அல்ட்ரா'வுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கேள்வி: மவுஸை வேகமாகச் சுழற்றும்போது மட்டும் தடுக்கிறது. கன்ட்ரோலரில் ஆடினால் வெண்ணெய் மாதிரி போகிறது. — சேலம் வாசகர்

பதில்: மவுஸ் 8000 ஹெர்ட்ஸில் ஓடுகிறதா பாருங்கள். நொடிக்கு 8000 முறை தகவல் வந்தால் சில கேம்களில் புராசஸர் அதற்கே மூச்சு வாங்கும். மவுஸின் மென்பொருளில் 1000-க்கு இறக்குங்கள்.

கேள்வி: ஆன்லைன் கேமில் மட்டும் ஆள் பின்னால் இழுத்து விடப்படுகிறான். இதுவும் ஸ்டட்டரா? — சிங்கப்பூர் வாசகர்

பதில்: இல்லை, அது நெட்வொர்க். அப்படி நடக்கும்போது ஃப்ரேம்டைம் கோடு அசையாமல் இருக்கும். அதே கேமின் பயிற்சி மேப்பில் பாட்களோடு (கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கும் ஆட்கள்) ஆடி, அங்கே சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வைஃபை கார்டு அவ்வப்போது அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளைத் தேடப் போகும்போதும் பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) எகிறும். ஒரு நாள் லேன் கேபிளில் ஆடிப் பாருங்கள்.

கேள்வி: கேம் எஸ்.எஸ்.டி.யில்தான் இருக்கிறது. ஆனாலும் எப்போதாவது ஐந்தாறு நொடி உறைந்துபோய், அந்த நேரம் கேபினட்டுக்குள் 'விர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறது. — நெல்லை வாசகர்

பதில்: படம், போட்டோ போட்டுவைக்கப் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று உள்ளே இருக்கிறதல்லவா? அது தூங்கிப்போயிருக்கும். ஏதோ ஒரு மென்பொருள் அதைத் தட்டியதும் சுழலத் தொடங்கி முழு வேகம் பிடிக்கும்வரை விண்டோஸ் காத்து நிற்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் பிளானின் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' போய், 'டர்ன் ஆஃப் ஹார்டு டிஸ்க் ஆஃப்டர்' என்ற இடத்தில் 0 என்று போடுங்கள். 'நெவர்' என்று மாறிக்கொள்ளும். அப்படியும் உறைந்தால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் அந்த டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் கேமை மறந்துவிட்டு, இன்றைக்கே போட்டோக்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.