கூரைமேல் ஏறிய கதாநாயகி

அன்புள்ள அக்கா,

நீங்கள் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்ன அந்த ஆங்கில நாவலை, 1811-ல் நடக்கும் காதல் கதையை, என் மனைவி வாங்கிப் படித்து முடித்து மேஜைமேல் போட்டிருந்தாள். சும்மா இரண்டு பக்கம் புரட்டலாம் என்று எடுத்தவன் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் கீழே வைத்தேன். ஓர் இடத்தில் நான் சத்தமாகச் சிரித்ததில் அவள் விழித்தே விட்டாள். நான் வழக்கமாகப் படிப்பது போர், பஞ்சம், புலம்பெயர்வு என்று கனமான நாவல்கள். பிரபுக்கள் காதலிக்கிற கதைப் பக்கம் ஒதுங்கியதே இல்லை. நண்பன் ஒருவனிடம் சொன்னால் "உனக்கு என்னடா ஆச்சு" என்கிறான்.

இரண்டு கேள்விகள். இது பிடித்திருக்கிறது என்று சொல்ல ஏன் இவ்வளவு கூச்சமாக இருக்கிறது? அப்புறம், ராத்திரியில் தனியாகக் கூரைமேல் ஏறி வால்நட்சத்திரம் தேடுகிற பெண் அந்தக் காலத்து இங்கிலாந்தில் நிஜமாகவே இருந்திருப்பாளா, இல்லை இன்றைய பெண் ஒருத்திக்கு அந்தக் காலத்துக் கவுனை மாட்டிவிட்டிருக்கிறார்களா?

அன்புடன்,
வி.

அன்புள்ள வி.,

இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முடிவைப் பற்றியும் பேசப்போவதால் நாவலின் பெயரைச் சொல்லவில்லை. படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: 28 வயது, இனி இவளுக்குக் கல்யாணம் ஆகாது என்று ஊரே கைகழுவிவிட்ட ஒருத்தி அண்ணன் வீட்டில் இருக்கிறாள், இரவெல்லாம் கூரையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து வால்நட்சத்திரம் தேடுகிறாள், பகலெல்லாம் தூங்குகிறாள். பக்கத்து மாளிகைக்குப் புதிதாக வந்த பிரபு, கூரையில் ஏதோ அசைவதைப் பார்த்துத் திருடன் என்று நினைத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிப்போய் நிற்கிறான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கொஞ்சம் நகருங்கள், மறைக்கிறீர்கள்" என்கிறாள். நீங்கள் சிரித்து வீட்டை எழுப்பியது இங்கேதான் என்று பந்தயமே கட்டுவேன்.

சரி, அப்படி ஒருத்தி இருந்திருப்பாளா என்றால், இருந்தார். கரோலின் ஹெர்ஷெல். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷெலின் தங்கை, ஹனோவரிலிருந்து இங்கிலாந்து வந்து அண்ணனோடு இருந்தவர். சிறுவயதில் வந்த டைஃபஸ் காய்ச்சலால் நாலேகால் அடிக்கு மேல் வளரவில்லை, அவருக்குக் கல்யாணம் ஆகாது என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிட்டார்கள். 1786-ல், அண்ணன் ஊரில் இல்லாத சமயத்தில், தன் முதல் வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1797-க்குள் எட்டு ஆகிவிட்டது. எட்டாவதைப் பார்த்ததும் ஒரு மணிநேரம் கண்ணயர்ந்துவிட்டு, குதிரையேறி கிரீனிச் வானாய்வகத்துக்கே போய்ச் சேதி சொன்னார். 1787-லிருந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார் (அண்ணனுக்கு 200, அது வேறு கதை). 1828-ல் லண்டன் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதே பதக்கம் இன்னொரு பெண் கைக்குப் போனது 1996-ல். ஆக, நம் நாவலாசிரியை எதையும் மிகைப்படுத்திவிடவில்லை, உண்மையைக் கொஞ்சம் அடக்கியே வாசித்திருக்கிறார்.

1811-ஐத் தேர்ந்தெடுத்ததும் தற்செயல் இல்லை. அந்த வருடம்தான் பெரிய வால்நட்சத்திரம் ஒன்று வந்து, வெறும் கண்ணுக்கே ஏறக்குறைய 260 நாள் தெரிந்தது. வருடக்கணக்காக மங்கலான ஒரு புள்ளிக்காக வானத்தைச் சலித்துக்கொண்டிருப்பவளுக்கு, யார் வேண்டுமானாலும் ஜன்னலைத் திறந்து பார்க்கக்கூடிய ஒன்று வந்து நிற்கிறது, விருந்துக்குப் போகிற இடமெல்லாம் நேற்றுத்தான் முதல்முறை மேலே பார்த்தவர்கள் இவளுக்கு வானியல் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த எரிச்சல் நமக்கே தெரிந்த எரிச்சல்தானே.

இந்த வகை நாவல்களில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். மாறுபட்ட கதாநாயகி என்றால் பலர் அவளை மேடையேற்றிப் பேசவிடுகிறார்கள், பெண்ணுரிமை பற்றி அத்தியாயத்துக்கு ஒரு சொற்பொழிவு. அல்லது அவளைக் கோமாளியாக்குகிறார்கள், தடுக்கி விழுவாள், மூக்கில் மை ஒட்டியிருக்கும், கதாநாயகன் சிரித்துக்கொண்டே துடைத்துவிடுவான். மூக்கில் மை வந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். இவளோ எதையும் எதிர்த்துக் கிளம்பியவள் இல்லை. இவளுக்கு வேலை இருக்கிறது, அவ்வளவுதான். ஊர்க் கட்டுப்பாடு அத்தனையும் அந்த வேலையில் வந்து முட்டிக்கொண்டே இருக்கிறது. கல்யாணமாகாத பெண் இரவில் துணைக்கு ஆளில்லாமல் ஓர் ஆணோடு நிற்கக்கூடாது என்பதால், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் கிழட்டு அத்தையை நாற்காலியோடு கூரைக்குத் தூக்கி வருகிறார்களே, அந்த ஏழு பக்கம்! கட்டுப்பாட்டை ஆசிரியை ஒரு நூல்கூடத் தளர்த்தாததால்தான் அது சிரிப்பாகிறது. அத்தை வேண்டாம் என்று விட்டிருந்தால் அங்கே காட்சியே கிடையாது.

தொல்காப்பியம் நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடம் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். வைத்துப் பாருங்கள். எள்ளல் முழுவதும் விருந்துக் கூடத்துச் சீமாட்டிகளுக்குப் போகிறது, பேதைமை மொத்தமும் கதாநாயகன் தலையில், அவளைப் பார்த்து நாம் சிரிக்கிற இடம் ஒன்றுகூட இல்லை. இதை எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கல்யாணப் பகுதி. அன்றைய சட்டப்படி மணமானதும் பெண்ணின் உடைமைகள் கணவனுடையவை. 1870-லும் 1882-லும் சட்டங்கள் வந்துதான் அது மாறியது. அதற்கு முன் ஒரே வழி, கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி இன்னொருவர் பொறுப்பில் வைத்துக்கொள்வது. அவன் மண்டியிட்டுக் காதலைச் சொல்கிறான், அவள் நன்றாக யோசித்துவிட்டு, "அப்படியென்றால் தொலைநோக்கி யாருக்கு?" என்று கேட்கிறாள். அடுத்த அத்தியாயம் முழுக்க வக்கீல் உட்கார்ந்து பட்டியல் எழுதுகிறார், முக்காலி ஒன்று, கண்ணாடி வில்லை இரண்டு, கால் உடைந்த ஸ்டூல் ஒன்று. அந்த ஸ்டூலும் சேர்த்தியா என்று அவர் கேட்க, காதலர்களுக்குள் முதல் சண்டை. அடுத்து, திருமணம் தேவாலயத்தில் காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் நடந்தாக வேண்டும் என்பது விதி. இவளோ அப்போது தூங்குகிறவள்! கேன்டர்பரி பேராயரிடம் சிறப்பு உரிமம் வாங்கினால் நேரம், இடம் எதுவும் தடையில்லை. மற்ற நாவல்களில் அவசரத்துக்கோ அவமானத்துக்கோ வாங்குகிற அந்தக் காகிதத்தை இவன் அவள் தூங்கி எழட்டும் என்று வாங்கிவருகிறான். வேறெந்தக் காதல் வசனமும் எனக்குத் தேவைப்படவில்லை.

குறை இல்லாமல் இல்லை. 1811-ல் இவ்வளவு சாதாரணமாக வால்ட்ஸ், ஆணும் பெண்ணும் அணைத்தபடி சுழலும் நடனம், ஆடுகிறார்கள். 1816-ல், அரசருக்குப் பதிலாக ஆட்சி நடத்திய இளவரசர் ரீஜென்ட்டின் விருந்தில் அதை ஆடியதற்கே 'தி டைம்ஸ்' கொதித்து எழுதியது. போகட்டும், ஆடிவிட்டுப் போகிறார்கள். என்னால் மன்னிக்க முடியாதது கடைசிக்கு முந்தைய அத்தியாயம். புதிய வால்நட்சத்திரத்தை முதலில் பார்ப்பது யார்? அவன்! சும்மா கண்ணை வைத்துவிட்டு, "இங்கே ஏதோ அழுக்கு மாதிரி தெரிகிறதே" என்கிறான். முந்நூறு பக்கம் குளிரில் உட்கார்ந்தவள் அவள், அவளுக்கு வரவேண்டியதைக் காதலின் பெயரால் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள் பெயரில்தான் பதிவு செய்கிறார்கள் என்பது பின்னால் வந்தாலும் எனக்கு ஆறவில்லை.

உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். தொல்காப்பியம் சொல்லும் மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டில் முதலாவது நகை, கடைசி உவகை. அழுகை இரண்டாவது, அதோடு மட்டும் குடித்தனம் நடத்தியே உங்களுக்கும் எனக்கும் பழகிவிட்டது. கனமான நாவலை வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லமாட்டேன், நானும் அவற்றைப் படிக்கிறவள்தான். ஆனால் உங்கள் நண்பர் "என்னடா ஆச்சு" என்று கேட்டால், "நேற்று இரண்டு மணிவரை சந்தோஷமாக இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அந்தக் கூரைக் காட்சியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மிச்சத்தை அவரே ரகசியமாகத் தேடிப் படித்துக்கொள்வார்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த 'அழுக்கு மாதிரி' பக்கம் உங்களுக்கு உறுத்தியதாகக் கடிதத்தில் இல்லை. உங்களுக்கு முன்னால் படித்தது உங்கள் மனைவிதானே, அந்த இடத்தில் அவர் என்ன சொன்னார் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா