மார்கழியில் வரும் முதல் பிறந்தநாள்

காங்கேயம் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மகள் இங்கேதான் பிறந்தாள். டிசம்பர் 20 அன்று அவளுக்கு முதல் பிறந்தநாள், அப்போது மூன்று வாரம் ஊரில் இருப்பார்கள். மண்டபம் பிடித்து ஊரையே கூப்பிட்டு, அதே நாளில் முடியிறக்கிக் காதும் குத்திவிடலாம் என்கிறார்கள் மாமனார் மாமியார். கோயமுத்தூர் ஓட்டல் ஒன்றில் சாயங்காலம் கேக் வெட்டலாம் என்கிறார் வீட்டுக்காரர். கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் தங்கச்சியின் அம்மாவோ, "அப்ப எங்க ஊட்டுக்கு எப்பக் கண்ணு வருவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லாரையும் பார்க்க ஆசை, குழந்தையை நினைத்தால் பயம், எப்படி நடத்துவது என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, நான் பெருந்துறைக்காரி. என் பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில் பிறந்து, பிறந்தநாள் பலவற்றை ஊரில் கொண்டாடி வளர்ந்தவர்கள். அதனால் மனசில் பட்டதை நேராகவே சொல்கிறேன். இந்த முதல் பிறந்தநாளை உங்கள் மாமனார் வீட்டு வாசலில், காலை நேரத்தில், நெருங்கிய சொந்தத்தோடு மட்டும் வையுங்கள். மண்டபமும் வேண்டாம், சாயங்கால ஓட்டலும் வேண்டாம். முடியிறக்குவதும் காது குத்துவதும் இந்தத் தேதியில் வேண்டாம்.

முதலில் நேரத்தைப் பார்க்கலாம். சிங்கப்பூர் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே இரவு எட்டு மணிக்குத் தூங்கிப் பழகிய குழந்தைக்கு ஊரில் சாயங்காலம் ஐந்தரைக்கே கண் சொக்கும். காலை ஏழுக்கு எழுகிறவள் அங்கே நாலரைக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். ஊருக்குப் போன முதல் நாலைந்து நாள் இப்படித்தான் இருக்கும், அப்புறம் மெல்ல மெல்லச் சரியாகும். ஏழு மணிக்கு ஓட்டலில் கேக் வெட்டினால் அவள் உடம்புக்கு அது இரவு ஒன்பதரை. வெளிச்சம், பாட்டுச் சத்தம், ஆளாளுக்குக் கையில் போனோடு சுற்றி நிற்பது எல்லாம் சேர்ந்தால் எந்தக் குழந்தையும் வீறிட்டு அழும். அப்புறம் எடுத்த படம் எல்லாவற்றிலும் அழுத முகம்தான் இருக்கும். காலையில் ஏழரைக்கும் பத்துக்கும் நடுவில் என்றால் அவள் பால் குடித்து, குளித்து, தெளிவாக இருப்பாள். நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் அதுதான் நல்ல நேரம். ஊர் போய்ச் சேர்ந்து ஐந்து நாளாவது ஆன பிறகு பிறந்தநாள் வருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

அடுத்தது மார்கழி. டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்துவிடும். நட்சத்திரப்படி பிறந்தநாள் வைத்தாலும் அது மார்கழிக்குள்தான் வரும். கோயிலுக்குப் போக, அர்ச்சனை செய்ய, பொங்கல் வைக்க மார்கழி அருமையான மாசம். ஆனால் காதுகுத்து, சீர் என்றால் நம் பக்கம் பெரும்பாலும் யாரும் மார்கழியில் வைக்க மாட்டார்கள். உங்கள் மாமனார் ஜோசியரைக் கேட்கும்போது அவரே தையைத்தான் காட்டுவார் என்று நினைக்கிறேன். திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போட்டுத் தை முதல் வாரம் வரை இருக்க லீவு கிடைத்தால் ரொம்ப நல்லது. பட்டிப் பொங்கலை, அதாவது மாட்டுப் பொங்கலைக் குழந்தை பார்க்கும், முடியும் அப்போதே இறக்கிவிடலாம். காங்கேயம் மாட்டுச் சீமையில் பிறந்த வீட்டுப் பிள்ளை, பட்டிப் பொங்கலில் மாட்டுக் கழுத்துச் சலங்கையைக் கேட்க வேண்டாமா? லீவு கிடைக்கவில்லை என்றாலும் குறையொன்றும் இல்லை. மூன்றாம் வயதில் முடியிறக்கிக் காது குத்துகிற வழக்கம் நம்மிடம் எத்தனையோ வீடுகளில் உண்டு.

காதுகுத்தைத் தள்ளி வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் தாய்மாமன். குழந்தையை மடியில் வைத்துக் காது குத்துவது மாமன் முறை. தோடும் துணியும் தட்டுச் சீரும் அவர் கொண்டுவர வேண்டும். உங்கள் தம்பி ஷார்ஜாவில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கிருந்து கோவைக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஆனால் லீவு கிடைப்பது அவர் கையில் இல்லை. அவர் இல்லாமல் உங்கள் பெரியப்பா மகன் மடியிலோ சித்தப்பா மகன் மடியிலோ குழந்தையை வைத்து முடித்துவிடலாம்தான், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. வெளிநாட்டில் கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கும் ஒரு மாமனுக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்பதை என் அண்ணன் முகத்தில் பார்த்திருக்கிறேன். தம்பியின் லீவை முதலில் கேளுங்கள், அதற்குத் தகுந்தபடி நாள் குறியுங்கள். குலதெய்வக் கோயிலோ, சிவன்மலையோ, பழனியோ, இடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தநாள் அன்றைக்கு என்ன செய்யலாம்? விடியலில் குளிக்க வைத்துப் புதுத்துணி போட்டு, பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் ஒரு அர்ச்சனை. வீட்டுக்கு வந்து குத்துவிளக்கு ஏற்றி, அப்பாவைப் பெற்ற அப்பாருவும் ஆத்தாவும் முதலில் திருநீறு பூசட்டும். அம்மாவைப் பெற்ற அப்புச்சியும் அம்மாயியும் கோபியிலிருந்து முந்தின நாளே வந்து தங்கட்டும், காலையில் பஸ்ஸோ காரோ பிடித்து அவசரமாக ஓடிவரும்படி வைக்க வேண்டாம். கேக் வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்தால் வெட்டுங்கள், காங்கேயத்திலும் திருப்பூரிலும் நல்ல பேக்கரிகள் இருக்கின்றன. மெழுகுவத்தியை ஊதி அணைப்பது மட்டும் வேண்டாம். விளக்கை அணைப்பதைப் பார்க்கப் பெரியவர்களுக்குச் சங்கடமாக இருக்கும், குழந்தைக்கும் ஊதத் தெரியாது.

சாப்பாட்டுக்கு இட்லி, சந்தகையும் (சேவை) தேங்காய்ப்பாலும், சூடாக ஒப்புட்டு (போளி), இதுவே நிறைவான பந்தி. அவளுக்குத் தனியாக அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழைய வேகவைத்து, காரம் இல்லாமல், நெய் விட்டுப் பிசைந்து கொடுங்கள். ஆத்தா கையால் ஊட்டட்டும்.

மண்டபத்தை விட்டுக்கொடுக்க மாமனாருக்கு மனசு வராது. அவர் பக்கத்து நியாயத்தையும் பாருங்கள். ஊரில் இத்தனை வருஷம் எல்லா வீட்டு விசேஷத்துக்கும் போய் மொய் வைத்தவர், தன் வீட்டில் ஒரு நல்லது நடக்கும்போது நாலு பேரைக் கூப்பிட வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். அவரிடம் காதுகுத்தைக் காட்டிப் பேசுங்கள். "அப்பா, காதுகுத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டுப் பெருசாச் செய்யலாமுங்க, பொறந்தநாளை நம்ம ஊட்டு வாசல்ல வெச்சுக்கலாமுங்க" என்று வீட்டுக்காரர் பேசினால் அவர் கேட்பார். இரண்டு தடவை சொந்தங்களை அழைத்து இரண்டு மொய் வாங்குவது சரியில்லை என்பது அவருக்கே தெரியும். பிறந்தநாளுக்கு மொய் நோட்டே போட வேண்டாம். காதுகுத்துக்கு மட்டும் வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழையுங்கள். செல்போனில் அழைப்பு அனுப்பினால் நம் பக்கத்துப் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் வர மாட்டார்கள், வந்தாலும் மனசு குளிராது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஒரு வயசை ஒட்டிய குழந்தைகள் புது முகத்தைக் கண்டால் அழும். அது வளர்ச்சியில் ஒரு கட்டம், குழந்தை சரியில்லை என்பதோ நீங்கள் சரியாகப் பழக்கவில்லை என்பதோ அல்ல. தினமும் வீடியோ காலில் பார்த்த தாத்தாவாக இருந்தாலும், நேரில் மீசையோடும் துண்டோடும் வந்து நின்றால் அவர் அவளுக்குப் புது ஆள்தான். போன முதல் இரண்டு நாள் வீட்டு ஆட்களைத் தவிர யாரும் தூக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் பேச்சாகிவிடும்.

என் மகளுக்கு எங்கப்பா செய்ததைச் சொல்கிறேன். அவளைத் தூக்க அவர் கையையே நீட்டவில்லை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நிலக்கடலையை உடைத்துப் பருப்பை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கடலை ஓடுகளை மட்டும் ஒவ்வொன்றாக ஒரு பித்தளைச் சொம்பில் போட்டுக்கொண்டிருந்தார். டக், டக் என்று சத்தம். என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் இறங்கித் தவழ்ந்து போய்க் கட்டில் காலைப் பிடித்து எழுந்து நின்றாள். அப்போதும் அவர் அவளைப் பார்க்கவில்லை, சொம்பை மட்டும் அவள் பக்கம் சாய்த்துக் காட்டினார். அன்று மத்தியானம் அவர் தோளில்தான் தூங்கினாள். பெரியவர்களுக்கு அவகாசம் கொடுத்தால் அவர்களுக்கே வழி தெரியும்.

உடம்பு விஷயத்தில் ஒன்று முக்கியம். சிங்கப்பூரில் தட்டம்மைக்கான முதல் தடுப்பூசி பன்னிரண்டு மாதத்தில்தான் போடுகிறார்கள். நம் நாட்டில் ஒன்பது மாதத்திலேயே போட்டுவிடுவார்கள். உங்கள் மகள் ஒரு வயசு நிறைவதற்குள் பயணம் போவதால் அந்த ஊசி இல்லாமலே போக நேரிடும். முன்கூட்டியே போட முடியுமா என்று இங்கேயுள்ள குழந்தை மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள், கிளம்புகிற வாரம் வரை விட வேண்டாம். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தே கொடுங்கள், கிணற்றுத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ எதுவானாலும். மழைக்காலத்தின் கடைசி என்பதால் கொசு இருக்கும், தொட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள். மார்கழிப் பனிக்குக் காதை மூட ஒரு குல்லா போதும், ஆத்தாவே பின்னி வைத்திருப்பார்.

வீட்டுக்காரரின் சிநேகிதர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர் ஒரு நாள் தனியாகக் கோயமுத்தூர் போய் அன்னபூர்ணா ஓட்டலில் உட்கார்ந்து, சாம்பார் ஊற்றிய இட்லியோடு ஆசை தீரப் பேசிவிட்டு வரட்டும். குழந்தையைக் காரில் அவ்வளவு தூரம் கொண்டுபோய் எல்லார் கையிலும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் பள்ளிக்கூடத் தோழிகளை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்து. கூட்டத்தில் என்றால் சிரித்துத் தலையாட்டுவதோடு முடிந்துவிடும், தனியாக வந்தால்தான் நீங்கள் வெளிநாட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள், உங்களுக்கும் மனசில் உள்ளதைச் சொல்லத் தோன்றும். வந்த புதிதில் அந்தப் பேச்சு எவ்வளவு தெம்பு கொடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

கோபிக்கு எப்போது என்றால், பிறந்தநாள் முடிந்த மூன்றாம் நாள். அங்கே எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். ஒரு வாரம் முழுசாக அம்மா வீட்டில் இருங்கள், அப்புச்சி தோட்டத்து வாழையைக் காட்டட்டும். பிறந்தநாள் ஒரு வீட்டில், ஒரு வாரம் இன்னொரு வீட்டில் என்றால் இரண்டு பக்கமும் குறை சொல்ல இடமிருக்காது.

திரும்பும்போது பெட்டியில் ஒரு கவனம். சிங்கப்பூருக்குள் கசகசா கொண்டுவரக் கூடாது, போதைப்பொருள் சட்டத்தில் வரும். அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் அது சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசையாகச் செய்து வைத்த உப்புக்கண்டத்தையும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நம் நாட்டிலிருந்து இறைச்சி எதையும் உள்ளே விட மாட்டார்கள். போகும்போது கோடாலித் தைலம் நிறைய வாங்கிப் போங்கள். வாசலுக்கு வருகிற ஒவ்வொரு பெரியம்மாவும் முதலில் கேட்பது அதைத்தான்.

இங்கே வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் அடுக்குமாடி புளோக்கில் சின்னதாக ஒன்று வையுங்கள், தேதி தள்ளிப் போனால் பரவாயில்லை. இங்கே உங்களுக்கு ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியை, எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தைக் கூப்பிடுங்கள். மலாய்க்காரர்கள் வருவதாக இருந்தால் கேக்கும் சாப்பாடும் ஹலால் சான்று உள்ள கடையில் வாங்குங்கள், அப்போதுதான் அவர்கள் தயங்காமல் கை நனைப்பார்கள். கீழ்த்தளத்தில் மேசை போடுவதாக இருந்தால் டவுன் கவுன்சிலில் முன்பதிவு செய்ய வேண்டும். நாள் முடிவானதும் எனக்கும் சொல்லுங்கள், கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு வருகிறேன்.