ரெஸ்க்யூ நாய், பூனை தத்தெடுக்கப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

சென்னைல தெருவுல அடிபட்டது, யாரோ அட்டைப் பெட்டில விட்டுட்டுப் போனதுன்னு வர்ற குட்டிங்களுக்கு வீடு பாத்துக் குடுக்கறது ரொம்ப வருஷமா என் வேலை. தத்தெடுக்கறது பத்தி என்ன வேணா கேளுங்க. நான் டாக்டர் இல்ல, மருந்து அளவு மட்டும் கேக்காதீங்க.

மடிப்பாக்கம்: அக்கா, போன வாரம் ஒரு நாட்டு நாய் எடுத்தோம், ஒரு வயசு பொண்ணு. வந்ததுலேர்ந்து கட்டிலுக்கு அடியிலயே கிடக்குறா. எங்கள பிடிக்கலையா?

பயம்ங்க, வேற ஒண்ணுமில்ல. மூணு நாள் மிரண்டு கிடக்கும், மூணு வாரத்துல வீட்டு நேரம் பிடிபடும், மூணு மாசத்துல உங்க ஆளா ஆயிடும்னு நாங்க ஒரு கணக்கு சொல்வோம், சிலதுக்கு இன்னும் கூட ஆகும். கையவிட்டு வெளிய இழுக்காதீங்க. தண்ணியும் சாப்பாடும் கட்டில் பக்கத்துல வெச்சுட்டு, முகத்தப் பாக்காம முதுகக் காட்டித் தரைல உக்காந்து உங்க வேலையப் பாருங்க. மூக்கு முதல்ல வெளிய வரும், உங்க சட்டைய மோந்துட்டு திரும்ப உள்ள போயிடும், அப்பவும் தொடாதீங்க. ராத்திரி லைட்ட அணைச்சப்புறம் தட்டு காலியாகுதான்னு பாருங்க. ஒரு நாள் முழுக்க வாய வெக்கலன்னா உதட்டத் தூக்கி ஈறப் பாருங்க, வெளுத்திருந்தா உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், அன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க. இன்னொண்ணு, கேட்ட தொறந்து போடாதீங்க. புதுசா வந்த நாய் தொலையறது பெரும்பாலும் முதல் சில வாரத்துலதான், காலர உருவிட்டு ஓடிடும். ஹார்னஸ், அதான் மார்பச் சுத்தி மாட்டற பட்டை, அதப் போடுங்க.

பெரும்பாக்கம்: 7வது மாடி. ரெண்டு பூனைக்குட்டி எடுக்கலாம்னு இருக்கோம், என்னெல்லாம் வாங்கணும்?

முதல்ல வலை. பால்கனி, ஜன்னல், பாத்ரூம் வென்டிலேட்டர் எல்லாத்துக்கும். எதிர்ல புறா வந்து உக்காந்தா பூனைக்குப் புறா மட்டும்தான் தெரியும், மாடி தெரியாது. லிட்டர் டப்பா (பூனை கக்கா போற மண்ணு டப்பா), படுக்கை எல்லாம் அப்புறம்.

மயிலாப்பூர்: நாங்க சுத்த சைவம். பூனைக்குத் தயிர் சாதம் போதும்தானே? பாட்டி வீட்டுப் பூனை அதத்தான் சாப்பிட்டு வளந்தது.

போதாது. பாட்டி வீட்டுப் பூனை ராத்திரி வெளிய போய் எலி, பல்லி, அணில்னு பிடிச்சுத் தின்னுச்சு, தயிர் சாதம் அதுக்கு மேல. உங்க பூனை ஃப்ளாட்ல அடைஞ்சு இருக்கப் போகுது. டாரின்னு ஒரு சத்து, அத நம்ம உடம்பு தானே செஞ்சுக்கும், பூனை உடம்பால தேவையான அளவு செய்ய முடியாது, கறி, மீன் மாதிரி சாப்பாட்டுலேர்ந்துதான் வரணும். அது குறைஞ்சா கண்ணு போகும், இதயம் வீங்கி சாகும். இதயத்துக்கும் அதுக்கும் உள்ள தொடர்பையே 1987லதான் கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம்தான் கம்பெனிங்க பூனை ஃபுட்ல அத இன்னும் கூட்டிப் போட ஆரம்பிச்சாங்க.

மதுரை: தப்பு மேடம். எங்க வீட்டுப் பூனைக்கு 12 வயசு, பால் சோறுதான்.

வெளிய போகுமா?

மதுரை: பகல் பூரா வெளியதான்.

அப்போ எலி தின்னுதுங்க. பால் வேற பல பூனைக்கு வயித்தால போகும்.

மயிலாப்பூர்: அப்போ சைவக்காரங்களுக்குப் பூனையே தர மாட்டீங்களா? இது ஓரவஞ்சனை இல்லையா?

கண்டிப்பா தருவேன், நிறைய சைவ வீட்ல என் பூனைங்க சந்தோஷமா இருக்கு. அவங்க சமைக்கறதில்ல, பாக்கெட் ஃபுட்ட தனித் தட்டுல தனி இடத்துல வெச்சிடறாங்க. உங்க நம்பிக்கைய நான் மதிக்கிறேன், ஆனா அது உங்க தட்டுக்கு. பாக்கெட் கூட வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னா நாய் எடுங்க. நாய்க்கு சோறு செரிக்கும், முட்டையாவது குடுத்தா நல்லது, அதுவும் முடியாதுன்னா டாக்டர்ட்ட கேட்டு சைவத்துலயே சாப்பாடு சரி பண்ணலாம். பூனைக்கு அந்த வழியே இல்ல.

கோவை: நாய் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அதுவும் கறி தின்ற ஜாதிதானே?

மனுஷன்கூட பல ஆயிரம் வருஷம் சோத்தப் பங்குபோட்டுத் தின்னு, மாவுச்சத்து செரிக்கிற மாதிரி அதோட மரபணுவே மாறியிருக்கு. இதப் பத்தி இனிமே கேட்டா பதில் சொல்ல மாட்டேன், மத்தவங்க காத்திருக்காங்க.

அம்பத்தூர்: ரெண்டு மாசம் முன்னாடி பப்பி பார்வோல போயிடுச்சு. இப்ப இன்னொரு பப்பி எடுக்கலாமா அக்கா?

ரொம்ப வருத்தமா இருக்குங்க. ஆனா இப்ப பப்பி வேண்டாம். பார்வோங்கறது நாய்க்குட்டிங்களக் கொல்ற வைரஸ், அது தரைல, மண்ணுல மாசக்கணக்கா உசுரோட இருக்கும், பினாயில் ஊத்திக் கழுவினா சாகாது. 30 பங்கு தண்ணிக்கு 1 பங்கு ப்ளீச் கலந்து தரைய நனைச்சு பத்து நிமிஷம் விடணும், தோட்டத்து மண்ண ஒண்ணும் பண்ண முடியாது. எல்லா ஊசியும் போட்ட பெரிய நாயா எடுங்க. வேளச்சேரி ப்ளூ கிராஸ் விலங்குகள் காப்பகத்துக்கு ஒரு தடவ போய்ப் பாருங்க, 1959லேர்ந்து இருக்கு. எல்லாரும் குட்டியத்தான் கேக்கறாங்க, வளந்த நாயத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல.

போரூர்: மனைவி மாசமா இருக்காங்க. பூனைய விட்டுடுங்கன்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொல்றாங்க.

விடாதீங்க, தம்பி. பயப்படறது டாக்ஸோபிளாஸ்மாவுக்கு, வயித்துல இருக்கற குழந்தைய பாதிக்கற ஒரு கிருமி. அது பூனை மலத்துல வெளிய வந்து ஒரு நாளாவது ஆனாதான் ஒட்டும். லிட்டர தினமும் நீங்க அள்ளிப் போடுங்க, அவங்க தொட வேண்டாம். கறிய நல்லா வேக வைங்க, காய்கறியக் கழுவுங்க.

அண்ணா நகர்: பெர்ஷியன் கேட் ஃப்ரீயா கிடைக்குமா?

தெரியாது.

ஆவடி: லேப்ரடார் பப்பி ஃப்ரீயா?

இங்க ரெஸ்க்யூ பத்தி மட்டும்.

சோழிங்கநல்லூர்: 4வது மாடி, பூனைய பால்கனில விடலாமா?

பெரும்பாக்கத்துக்கு எழுதினதப் படிங்க. வலை.

திருவான்மியூர்: எங்க தெரு நாய் ஒண்ண நாங்களே வீட்டுக்கு எடுத்துக்கலாமா? சட்டம் மாறிடுச்சாமே?

தாராளமா எடுத்துக்கலாம். 2025 ஆகஸ்ட் 22ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுலயே, தெரு நாயத் தத்தெடுக்க விரும்பறவங்க மாநகராட்சிட்ட விண்ணப்பிக்கலாம்னு இருக்கு. ஆனா எடுத்தப்புறம் அது திரும்பத் தெருவுக்கு வராமப் பாத்துக்கறது உங்க பொறுப்பு. ரேபிஸ் ஊசி, கருத்தடை ரெண்டும் முடிச்சு, மாநகராட்சி லைசென்ஸும் வாங்கிடுங்க.

பல்லாவரம்: தத்தெடுத்த பெண் பூனைக்கு நாலு மாசம். ஒரு குட்டி போட்டப்புறம் ஆபரேஷன் பண்ணா போதும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க.

அது வெறும் பேச்சு. நாலு மாசத்துலயே சினை பிடிக்கும், ரெண்டு மாசத்துல நாலஞ்சு குட்டி, அதுக்கெல்லாம் வீடு தேடி மறுபடியும் எங்கிட்டதான் வருவீங்க. வேப்பேரி கால்நடை மருத்துவமனைல இந்த வாரமே காட்டுங்க, எடை சரியா இருந்தா தேதி குடுப்பாங்க. ஆபரேஷன் முன்னாடி எத்தன மணி நேரம் சாப்பாடு நிறுத்தணும்னும் அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க.