நிருபருக்குத் துணிச்சல் போதுமா?

கேள்வி: 'தி இயர் ஆஃப் லிவிங் டேஞ்சரஸ்லி' படத்தைச் சமீபத்தில் பார்த்தேன். வெளிநாட்டில் வேலை பார்த்த அனுபவமே இல்லாத ஹாமில்டன், ஜகார்த்தாவில் வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே பெரிய பெரிய செய்திகளைப் பிடித்துவிடுகிறான். துணிச்சல் இருந்தால் போதும், அனுபவம் தானாக வரும் என்பதுதானே படம் சொல்லும் செய்தி? இதழியல் படிக்கும் நானும் பட்டம் வாங்கிய கையோடு கலவரம் நடக்கும் ஏதாவது ஒரு நாட்டுக்குக் கிளம்பலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

பதில்: துணிச்சல் போதாது. படமும் அப்படிச் சொல்லவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: பீட்டர் வியர் இயக்கி 1982-ல் வந்த படம். இந்தோனேசிய அதிபர் சுகர்ணோவின் ஆட்சி ஆட்டம் காணத் தொடங்கிய 1965-ல் தலைநகர் ஜகார்த்தாவுக்கு வரும் ஆஸ்திரேலிய நிருபன் கை ஹாமில்டனாக மெல் கிப்சன் நடித்திருக்கிறார். அவனுக்கு முன்பு அங்கே இருந்த நிருபர், யாரையும் அறிமுகம் செய்து வைக்காமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஹாமில்டனுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது.

சரி, அவன் 'பிடித்த' செய்திகள் எவை? முதல் பெரிய பேட்டியை ஏற்பாடு செய்து தருபவன் பில்லி குவான் என்ற புகைப்படக்காரன். யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் குடிசையில் எந்தக் குழந்தை பசியோடு கிடக்கிறது என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். (இந்த ஆண் பாத்திரத்தில் நடித்தவர் லிண்டா ஹன்ட் என்ற நடிகை. அதற்காக ஆஸ்கர் விருதும் பெற்றார்.) அடுத்தது, கம்யூனிஸ்டுகளுக்கு ஆயுதம் வருகிறது என்ற தகவல். பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலை பார்க்கும் ஜில், ஹாமில்டன் உயிரோடு ஊர் போய்ச் சேரட்டும் என்ற அக்கறையில் அதை அவனிடம் சொல்கிறாள். அவனோ அதைச் செய்தியாக்கப் பார்க்கிறான். செய்தி வெளியானால் ரகசியத்தைச் சொன்னவள் யார் என்பது தெரியாமல் போகுமா? பில்லி அவனை வெறுத்து ஒதுக்குவது இந்த இடத்தில்தான். நீங்கள் சாதனை என்று நினைக்கும் காட்சியைப் படம் நம்பிக்கைத் துரோகமாகத்தான் காட்டுகிறது.

இன்னொன்றையும் நீங்கள் யோசித்திருக்க வேண்டும். தூதரகத்திலிருந்து வரும் தகவலை ஒரு புது நிருபர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? நிஜ வாழ்க்கையில், 1965-ன் இறுதியில் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை நார்மன் ரெடவே என்ற அதிகாரியைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. சுகர்ணோவுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் எதிரான பிரசாரத்தை நடத்துவதே அவர் வேலை. இந்தோனேசியாவுக்குள் நுழைய வழியில்லாமல் வெளியே காத்திருந்த நிருபர்கள் பலருக்குக் கிடைத்த தகவல்கள் இந்தக் கைகளின் வழியாகவும் வந்தன.

ஜகார்த்தாவுக்குள்ளே நடந்தது இதைவிடக் கொடூரம். 1965 அக்டோபர் 1 அதிகாலையில் ராணுவத்தின் ஆறு ஜெனரல்களும் ஒரு லெப்டினன்ட்டும் கொல்லப்பட்டார்கள். லுபாங் புவாயா என்ற இடத்தில் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து உடல்கள் எடுக்கப்பட்டன. கம்யூனிஸ்ட் பெண்கள் அந்த ஜெனரல்களின் கண்களைத் தோண்டி, பிறப்புறுப்பை அறுத்தார்கள் என்று ராணுவத்தின் பத்திரிகைகள் எழுதின. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை அப்போதே சொன்னது. அந்தப் பரிசோதனைக்கு உத்தரவிட்டவரே, பிறகு சுகர்ணோவிடமிருந்து ஆட்சியைப் பிடித்த ராணுவ ஜெனரல் சுஹார்த்தோதான்! அறிக்கையை மூடி வைத்துவிட்டார்கள். பெனடிக்ட் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் அதை 1987-ல் வெளியிட்டபோது 22 ஆண்டுகள் கடந்திருந்தன. இதற்குள் குறைந்தது 5 லட்சம் பேர் கொல்லப்பட்டுவிட்டார்கள். அந்தக் கொலைவெறியை மூட்டியதில் அச்சடித்த பொய்க்குப் பெரிய பங்கு உண்டு.

தோட்டாவுக்குப் பயப்படாத ஒருவரிடம் அன்று இந்தக் கதையைக் கொடுத்திருந்தால், அவர் அதையும் பயப்படாமல்தான் அனுப்பி வைத்திருப்பார். எனக்கு அதுதான் கவலை.

உங்கள் துணிச்சலைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1975 அக்டோபரில் கிழக்குத் திமோரின் பலிபோ என்ற ஊரில், இந்தோனேசியப் படை எல்லை தாண்டி வருவதைப் படமெடுக்கப் போன, ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளில் வேலை பார்த்த ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். எல்லோருமே 30 வயதைத் தொடாதவர்கள். ஒருவருக்கு வயது 21. தங்கியிருந்த வீட்டுச் சுவரில் ஆஸ்திரேலியக் கொடியை வரைந்து வைத்திருந்தார்கள், அது காப்பாற்றும் என்று நம்பி. அவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரிக்கப் போன நிருபர் ரோஜர் ஈஸ்ட் பழுத்த அனுபவசாலி. அவரையும் அதே ஆண்டு டிசம்பரில் கிழக்குத் திமோரின் தலைநகர் டிலியின் துறைமுகத்தில் சுட்டுக் கொன்றார்கள். ஆகவே, அனுபவம் இருந்தால் உயிர் தப்பிக்கலாம் என்று நான் உங்களுக்கு உறுதி தர முடியாது. உங்களிடம் பேசியவர்களை மாட்டிவிடாமல் எழுதுவது எப்படி, கைக்கு வந்த தகவலை யார் எதற்காகக் கொடுத்தார்கள் என்று பார்ப்பது எப்படி என்பதை மட்டும் அது கற்றுக்கொடுக்கும்.

போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போவதற்கு முன் அந்த நாட்டு மொழியைப் படியுங்கள். வழக்கமான ஒரு செய்தி அறையில் இரண்டு மூன்று வருடம் உட்கார்ந்து, எழுதியது தவறாகிப் போனால் திருத்தம் போடும் வேதனையை அனுபவியுங்கள். அப்புறம், அங்கே உங்களுக்கு மொழிபெயர்த்து, கார் ஓட்டி, ஆள் பிடித்துத் தரப்போகிறவர் யார், நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்குப் பதில் தேடிவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.

ஏனென்றால் நீங்கள் குமாரைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஹாமில்டனின் உதவியாளன், கம்யூனிஸ்ட் கட்சிக்காரன். கண்ணில் அடிபட்டுக் கட்டோடு கிடக்கும் ஹாமில்டனை, சாலையோரத்தில் தன் தோழர்களைச் சுட்டுக்கொண்டிருக்கும் நாளில் விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறான். ஹாமில்டன் ஒலிப்பதிவுக் கருவியைக்கூடப் போட்டுவிட்டு விமானம் ஏறுகிறான், ஜில் அணைத்துக்கொள்கிறாள், படம் முடிகிறது. அதன் பிறகு குமார் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பான்?