அப்பாவின் நாரியில் நரம்பு வாய்க்கால் ஒடுங்கிவிட்டது, சிறுதுளை ஒப்பரேசன் செய்யலாமா?

கேள்வி சுருக்கமாக: அப்பாவுக்கு 68 வயது. 150 மீற்றர் நடக்கமுதல் இரண்டு கால்களும் உளைந்து விறைத்து, குந்த இடம் தேடுகிறார். ஆனால் கொக்குவிலில் இருந்து திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளில் போய்வருகிறார். எல்4-எல்5 இடத்தில் (நாரியின் நாலாம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையில்) கடுமையான ஒடுக்கம் என்று எம்.ஆர்.ஐ அறிக்கை சொல்கிறது. ஒரு டொக்டர் சிறுதுளை வழியாகச் செய்யலாம் என்கிறார், இன்னொருவர் எலும்புகளைச் சேர்த்துப் பூட்ட ஸ்குரூ வைக்கவேண்டும் என்கிறார். எதைக் கேட்பது?

நீங்கள் எழுதியதில் ஸ்கானைவிட முக்கியமாக எனக்குப் படுவது அந்தச் சைக்கிள்தான். முன்னுக்குக் குனிந்து ஹாண்டிலைப் பிடிக்கும்போது முள்ளந்தண்டின் பின்பக்கம் விரிந்து வாய்க்கால் சற்று அகலமாகிறது. நிமிர்ந்து நின்றாலோ நடந்தாலோ, வாய்க்காலின் பின்சுவரில் இருக்கும் மஞ்சள் நிற நார்ப்பட்டி மடிந்து உள்ளே தள்ளும். முன்பக்கத்தால் டிஸ்க் பிதுங்கும். நடுவில் நெரிபடும் நரம்புகளுக்கு இரத்தம் குறையும். நல்லூர்த் திருவிழாவில் சுவாமி வெளியே வரும்வரை நிற்க ஏலாதவர், வீதியோரம் இரண்டு நிமிடம் குந்தினால் தெளிந்துவிடுவது இதனால்தான்.

கால் இரத்தக்குழாய் அடைப்பென்றால் இப்படி இராது. சைக்கிள் மிதித்தாலும் கெண்டைக்கால் பிடிக்கும். குந்தத் தேவையில்லை, சும்மா நின்றாலே வலி விடும். அப்பா சுருட்டோ சிகரெட்டோ பிடித்தவர் என்றால் பாதத்தின் மேல்பக்கத்தில் நாடி துடிக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், வயதானவர்களில் இரண்டு வருத்தமும் சேர்ந்தே இருப்பதுண்டு. சீனி வருத்தத்தால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரவில் படுக்கையில் உள்ளங்காலை எரிக்கும். நடப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை, இந்த ஒப்பரேசன் அதைத் தொடவும் தொடாது.

அறிக்கையை எப்படி வாசிப்பது என்றும் கொஞ்சம் சொல்கிறேன். முண்ணாண், அதாவது மூளையில் இருந்து முதுகுக்குள் இறங்கும் தடித்த நரம்புத் தண்டு, முதலாம், இரண்டாம் நாரி எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரைவால் மயிர்போல நரம்புக் கற்றைதான் ஓடுகிறது. இந்த ஒடுக்கத்தை 1954இல் தெளிவாக விவரித்த ஒல்லாந்து நிபுணர் ஹென்க் வெர்பீஸ்ற்றின் கணக்கில், முன்பின் அளவு 10 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் முழு ஒடுக்கம், 10 முதல் 12 வரை ஓரளவு ஒடுக்கம். இப்போது அளவுகோலைவிட நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறையின் வடிவத்தையே அதிகம் பார்க்கிறார்கள். குறுக்குவெட்டுப் படத்தில் நரம்புகளைச் சுற்றி வெள்ளையாகத் தெரியவேண்டிய நீர் முற்றாக மறைந்து, எல்லாம் ஒரே சாம்பல் திரளாகத் தெரிந்தால் அது கடுமை. ஆனால் படம் இப்படி இருந்தும் ஒரு வருத்தமும் இல்லாமல் தோட்டம் கொத்துகிற முதியவர்கள் நிறைய இருக்கிறார்கள். படம் காட்டும் மட்டமும் காலில் வரும் உளைவும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் ஒப்பரேசனைப் பற்றியே பேசலாம்.

இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். அப்பா சேட் பொத்தான் பூட்டத் தடுமாறுகிறாரா, எழுத்து மாறிவிட்டதா, நடை தள்ளாடுகிறதா? அப்படியென்றால் கழுத்திலும் வாய்க்கால் ஒடுங்கியிருக்கலாம். நாரி ஒடுக்கத்தில் முழங்கால், குதிக்கால் அனிச்சை குறையும்; கழுத்தில் முண்ணாண் நெரிந்தால் கூடும். சுத்தியலால் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கழுத்தைக் கவனியாமல் நாரியை மட்டும் செய்தால் நடை திருந்தாது. மயக்கத்தில் கழுத்தை வளைக்கும்போது ஆபத்தும் இருக்கிறது.

நரம்பு பலவீனம் இல்லாவிட்டால் அவசரப்படத் தேவையில்லை. சில மாதம் குனிவுப் பயிற்சி, சைக்கிள், குந்திக் குந்தி நடப்பது என்று பார்க்கலாம். முதுகில் போடும் ஸ்ரீரொயிட் ஊசியில் நான் அதிகம் நம்பிக்கை வைக்கமாட்டேன். அமெரிக்காவில் இந்த வருத்தக்காரர் 400 பேரில் செய்து 2014இல் வெளியான ஆய்வில், இடத்தை விறைக்கப்பண்ணும் மருந்தோடு ஸ்ரீரொயிட் சேர்த்ததால் ஆறு கிழமையில் குறிப்பிடும்படியான மேலதிக பலன் கிடைக்கவில்லை.

காத்திருக்கக்கூடாத நிலையும் உண்டு. பாதம் தொங்கி நிலத்தில் இழுபடுவது, சைக்கிள் சீற்றில் படும் இடம் மரத்துப்போவது, சலம் முட்டியும் போகாமல் நிற்பது. இந்த வயதில் புரொஸ்டேற்றால் சலம் மெதுவாகப் போவது சாதாரணம், அதனால் குழம்பவேண்டாம். மரத்துப்போதலோடு சேர்ந்து திடீரென வந்தால்தான் இது. கிளினிக் திகதியைப் பார்க்காமல் அன்றைக்கே போதனா வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

இனி ஒப்பரேசன். சிறுதுளை என்றால் லேசர் போட்டு எரிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே செய்கிற வேலை பழைய ஒப்பரேசனின் வேலைதான். போகிற வழிதான் குறுகியது. முழு மயக்கத்தில் குப்புறப் படுக்கவைப்பார்கள், வயிறு அமுங்காமல் தொங்கவேண்டும். வயிறு அமுங்கினால் முள்ளந்தண்டு நாளங்கள் புடைத்து இரத்தம் கசியும், சிறிய துளைக்குள் அந்தக் கசிவே பார்வையை மறைத்துவிடும். எக்ஸ்ரே கருவியில் ஊசி வைத்து மட்டத்தை உறுதிசெய்த பிறகு, நடுக்கோட்டில் இருந்து ஒன்று ஒன்றரை சென்ரிமீற்றர் தள்ளி இரண்டு சென்ரிமீற்றர் அளவில் கீறல். 1997இல் ஃபோலியும் ஸ்மித்தும் அறிமுகப்படுத்திய முறைப்படி, ஒன்றைவிட ஒன்று பெரிதான குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைத்து, தசையை வெட்டாமல் விலக்கி, கடைசியில் 18 அல்லது 20 மில்லிமீற்றர் குழாயைப் பூட்டி நுணுக்குக்காட்டியால் பார்ப்பார்கள்.

பிறகுதான் உண்மையான கைத்திறன். மேல் எலும்பின் தகட்டில் கீழ்ப்பாதியை 3 மில்லிமீற்றர் வைர முனை டிறிலால் தேய்த்து, மஞ்சள் நார்ப்பட்டி எங்கே தொடங்குகிறதோ அதுவரை போவார்கள். அடுத்து மேசையைச் சரித்து, குழாயையும் சாய்த்து, நடுமுள்ளின் அடியைக் குடைந்து மறுபக்கத்துக்குப் போவார்கள். ஒரே துளையால் இரண்டு பக்கமும் விடுவிக்கும் தந்திரம் இதுதான். இவ்வளவு நேரமும் நார்ப்பட்டியை எடுக்கமாட்டார்கள். டிறிலுக்கும் நரம்பு உறைக்கும் இடையில் அது ஒரு கவசம். எலும்பு வேலை முடிந்த பிறகு, கெரிசன் என்ற சின்னக் கவ்வியால் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் துண்டுகளாக அதைக் கடித்தெடுப்பார்கள். ஓரங்களில் இரண்டு எலும்புகளையும் இணைக்கும் மூட்டின் உள்பக்கத்தைக் குடைந்து, கீழே இறங்கும் நரம்பு வேர் தளர்வாகக் கிடப்பதைக் கண்ணால் காணவேண்டும். அமுங்கிக் கிடந்த உறை மெல்ல விரிந்து துடிக்கத் தொடங்கும். மூட்டில் குறைந்தது பாதியாவது மிஞ்சவேண்டும். கருவி நுழைகிற பக்கத்து மூட்டுத்தான் அதிகம் தேய்ந்துபோகும், கோணம் அப்படி. எத்தனை மில்லிமீற்றர் கீறல் என்று கேட்பதைவிட அந்த மூட்டை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று கேளுங்கள்.

எண்டொஸ்கோப் என்ற கமெராக் குழாய் முறையில் கீறல் இன்னும் சிறியது, ஒன்று அல்லது இரண்டு துளைகள். சேலைன் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே போன நீர் தடையின்றி வெளியே வரவேண்டும். அடைபட்டால் அழுத்தம் மேலேறி தலை, கழுத்து வலிக்கும், அரிதாக வலிப்பும் வரும். நல்ல முறைதான். ஆனாலும் புதிய கருவியோடு பழகிக்கொண்டிருப்பவரைவிட, நுணுக்குக்காட்டியில் பல வருடம் செய்தவரின் கை எனக்கு மேல். 2022இல் வெளிவந்த நோர்வே ஆய்வு, ஒருபக்கத்தால் போய் இரண்டையும் விடுவிப்பது உட்பட மூன்று விதமான விடுவிப்பு முறைகளை ஒப்பிட்டது. இரண்டு வருட முடிவில் நோயாளிக்குக் கிடைத்த பலனில் வித்தியாசம் தெரியவில்லை.

ஸ்குரூ பற்றி. ஓர் எலும்பு மற்றதன்மேல் சறுக்காமல் வெறும் ஒடுக்கம் மட்டும் என்றால் ஸ்குரூவுக்குக் காரணமே இல்லை. பெரும்பாலும் சறுக்கல் இருந்தால்தான் விவாதம். அதிலும் 2016இல் சுவீடன் ஆய்வும் 2021இல் நோர்வே ஆய்வும், வயதால் வரும் சாதாரணச் சறுக்கலில் விடுவிப்பு மட்டும் செய்தவர்கள் ஸ்குரூ வைத்தவர்களுக்குப் பின்தங்கவில்லை என்றே காட்டின. ஸ்குரூ நியாயமாகும் இடங்களும் இருக்கின்றன: குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்பு மூன்று நான்கு மில்லிமீற்றருக்கு மேல் அசைவது, முதுகு பக்கவாட்டில் வளைந்திருப்பது, நரம்பு வெளியேறும் துவாரமே இடிந்து போயிருப்பது. ஆகவே இரண்டாவது டொக்டரிடம் அந்த எக்ஸ்ரே எடுத்தாயிற்றா, எத்தனை மில்லிமீற்றர் அசைகிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். படுத்துக்கொண்டு எடுத்த எம்.ஆர்.ஐயில் இந்த அசைவு தெரியாது.

பிழையாகப் போகக்கூடியவற்றில் அடிக்கடி நடப்பது உறை கிழிவது. வயதானவர்களின் உறை மெல்லியது, நார்ப்பட்டியோடு ஒட்டியும் இருக்கும். சிறு கிழிசலைப் பசையும் ஒட்டும் வைத்து அடைத்து, ஒருநாள் இரண்டுநாள் தட்டையாகப் படுக்கவிடுவார்கள். எழும்பினால் வந்து படுத்தால் போகும் தலையிடிதான் அடையாளம். குழாய் முறையில் தசை உடனே மூடிக்கொள்வதால் நீர் வெளியே கசிவது குறைவு. நான் அதிகம் பயப்படுவது உள்ளே தேங்கி நரம்பை நெரிக்கும் இரத்தக் கட்டிக்கு. மயக்கம் தெளிந்தபோது நன்றாக அசைந்த கால், சில மணிநேரத்தில் கடும் வலியோடு பலமிழந்தால் விடியும்வரை பொறுக்கக்கூடாது. அந்த இரவே தாதியிடம் சொல்லி டொக்டரைக் கூப்பிடுங்கள்.

காலின் உளைவு பலருக்கு முதல் நடையிலேயே குறைந்திருக்கும். விறைப்புப் போக மாதங்கள் ஆகும், நெடுநாள் விறைத்திருந்தால் முழுக்கப் போகாமலும் விடும். நாரி வலியைப் போக்க இந்த ஒப்பரேசன் செய்வதில்லை. அப்பாவுக்கு இதை முன்கூட்டியே விளங்கப்படுத்துங்கள், இல்லாவிட்டால் கால் சுகமான பிறகும் ஒப்பரேசன் பிழைத்துவிட்டது என்று மனமுடைந்து போவார்.

சீனி இருந்தால் எச்.பி.ஏ.1சி (கடந்த சில மாதச் சீனிக் கட்டுப்பாட்டைக் காட்டும் இரத்தச் சோதனை) அளவைப் பலரும் 8க்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள், காயத்தில் கிருமி பிடிப்பதைக் குறைக்க. இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் குளோபிடோகிரல் குடிப்பவர் 5 முதல் 7 நாளுக்கு முன் நிறுத்தவேண்டிவரும். இருதயத்தில் ஸ்ரென்ற் வைத்தவர் இருதய டொக்டரைக் கேளாமல் ஒரு குளிசையையும் நிறுத்தக்கூடாது.

கொழும்பில் செய்வதென்றால் 400 கிலோமீற்றர் திரும்பி வரவேண்டும். வைத்தியசாலை மறுநாளே விட்டாலும் சில நாள் அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, எழும்பி நடக்கக்கூடிய ரெயினில் வாருங்கள். இரவு பஸ் வேண்டாம். மணிக்கொருதரம் எழும்பி நடக்கவேண்டும், கெண்டைக்காலில் இரத்தம் உறையாமல் இருக்க. வீட்டில் ஆறு கிழமைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. கிணற்றுவாளி நிறைந்தால் பத்துக் கிலோவுக்குக் கிட்ட வரும், அதனால் குளிக்கத் தண்ணீர் வேறு யாராவது அள்ளிக் கொடுங்கள், அல்லது மோட்டர் போடுங்கள். குந்தும் மலசலகூடத்தின்மேல் வைக்கிற கதிரை வாங்கிவைத்தால் நல்லது. நடை முதல்நாளே தொடங்கலாம், கூட்டிக்கொண்டே போகலாம். சைக்கிளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்து, டொக்டர் சம்மதித்த பிறகு லேடீஸ் சைக்கிளில் தொடங்கட்டும். பாரைத் தாண்டிக் காலைச் சுழற்றும்போதுதான் நாரி முறுகும்.

அடுத்த கிளினிக்குக்கு அறிக்கைத் தாளோடு மட்டும் போகாதீர்கள், படங்கள் இருக்கும் சீடியையும் கொண்டுபோங்கள். அதற்கு முந்திய ஒரு கிழமை, அப்பா எத்தனையாவது மின்கம்பத்தில் குந்தினார், எத்தனை நிமிடத்தில் எழும்பினார் என்று நாளுக்கு ஒருவரி எழுதி வையுங்கள். ஒப்பரேசனுக்குப் பிறகும் அதே ஒழுங்கையில், அதே கம்பங்களை எண்ணிப் பார்க்கலாம்.